கொம்புத்தேனும் கடைப்படியும்: அன்றாடச் சேவைகளை அணுக வலுவிழந்தோர்க்குள்ள சட்ட உரிமை

1. பிரச்சினையின் இயல்பு

முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்படலாமா என்பது நம்மிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. தகுதிக்கு மீறிய விருப்பத்தை எள்ளுவதற்கே இது பெரும்பாலும் எடுத்தாளப்படுகின்றது. பழமொழிகள் மக்கள் அனுபவத்தின் செறிவு என்று கூறுதல் மரபு. அவை அவ்வக்காலச் சமுதாயத்தில் மேலோங்கி நின்ற கருத்துநிலையின் செறிவுமாகும் என்பதை நாம் மறத்தலாகாது. இப்பழமொழியிலே குற்றம் முடவனின் ஆசைமீது சுமத்தப்படுகின்றது. தேன் இருக்கும் உயரம் இயற்கையானது, மாற்றவியலாதது, ஆதலின் வினாவுக்கு அப்பாற்பட்டது என்று அது கொள்கின்றது. மரக்கொம்பிலுள்ள தேனைப் பொறுத்தவரையில் இது பொருந்தலாம். ஆனால் வங்கியின் வாயிற்படியும், தபாலகத்தின் முகப்பு மேசையும், பேருந்தின் மிதிபலகையும் மரக்கொம்புகள் அல்ல. அவை மனிதர் அளவு குறித்து மனிதர் கட்டியவை. அவற்றின் உயரத்தை வினாவுக்கு உட்படுத்த முடியும், உட்படுத்தவும் வேண்டும்.

இலங்கையிலே இவ்வினாவைச் சட்டம் ஏற்கெனவே எழுப்பியுள்ளது. வலுவிழந்தோர் பொதுமக்கள் செல்லும் எவ்விடத்துக்கும் செல்ல உரிமையுடையர் என்பது 1996 ஆம் ஆண்டிலிருந்து இந்நாட்டுச் சட்டமாகும். எனினும் சட்டம் உண்டு என்பதை அறிந்தோர் சிலரே. அதனை எவ்வாறு பயன்படுத்துவது என அறிந்தோர் அவரினும் சிலர். அச்சட்ட ஏற்பாடுகள் யாவை, அவை எங்கிருந்து வந்தன, ஏன் அவை கடைத்தெருவரை வந்து சேரவில்லை என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இலக்கிய ஆய்வாளருக்குச் சட்டத்தில் என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். ஒரு சமுதாயம் தன் உறுப்பினரை எச்சொற்களாற் பெயரிடுகின்றது, அச்சொற்கள் யாருடைய நலனைக் காக்கின்றன என்பது இலக்கிய ஆய்வின் வினாவுமாகும் என்பதே எமது விடை.

2. பலாபத்வலையிலிருந்து நோக்குதல்

பொதுவாகப் பேசுவதைத் தவிர்க்கும்பொருட்டு ஓரிடத்தை மனத்திற் கொள்வோம். மாத்தளை நகருக்கு வடக்கே, கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 பெருந்தெருவில் அமைந்த சிறு கடைத்தெரு பலாபத்வல. 1880 இல் மாத்தளைக்கு வந்த புகையிரதப் பாதை அந்நகருடன் நின்றுவிடுகின்றது. அதற்கு வடக்கே பேருந்தும் முச்சக்கர வண்டியுமே பொதுமக்களின் ஊர்திகள். சுற்றுப்புறங்களிலே கொக்கோவும் வாசனைத் திரவியங்களும் விளைகின்றன. சிங்களரும் தமிழரும் முஸ்லிம்களும் அதே தெருவிற் பொருள் கொள்கின்றனர்.

இத்தெருவுக்கு ஒரு வரலாறுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கென அழைத்துவரப்பட்ட தென்னிந்தியத் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கித் தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்தனர். நோயாலும் பசியாலும் வீழ்ந்தோர் பலர் வழியிலேயே மாண்டனர். நடக்க முடிந்த உடலே தோட்டத்தை அடைந்தது. தோட்ட முதலாளித்துவத்தின் கண்ணில் உடலென்பது உழைப்புச் சக்தியின் கொள்கலம் மட்டுமே; உழைக்க இயலாத உடல் கணக்கிலிருந்து நீக்கப்பட வேண்டிய ஒன்று. வலுவிழந்தோர் பற்றிய இன்றைய அலட்சியத்தின் வேர்களுள் ஒன்று இக்கணக்கிலே உள்ளது எனலாம்.

இனி ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். அவர் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் உழைத்தவர். நீரிழிவு நோயால் ஒரு கால் முழங்காலுக்குக் கீழே அகற்றப்பட்டவர். ஊன்றுகோலுடன் சில அடி நடப்பார். மற்றபடி சக்கர நாற்காலியே துணை. ஒரு மாதத்தில் அவருக்கு நேரக்கூடிய தேவைகளை எண்ணிப் பார்ப்போம். ஊழியர் சேமலாப நிதி தொடர்பாக வங்கிக்குச் செல்லவேண்டும். உதவிப்பணம் குறித்துப் பிரதேச செயலகத்திலே ஒரு படிவம் கொடுக்கவேண்டும். மாத்தளை வைத்தியசாலையிற் சிகிச்சை நாள், மருந்தகத்தில் மருந்து, கடையில் அரிசியும் தேங்காயும், கோயிலில் திருவிழா, தேர்தல் வந்தால் வாக்கு. இவற்றுள் ஒன்றும் ஆடம்பரமன்று. ஆனால் பேருந்தில் ஏற இருவர் தூக்கவேண்டும். கடைக்கும் தெருவுக்கும் இடையே வடிகான். வடிகானுக்கு அப்பால் இரண்டு படி. அலுவலகத்தில் உரிய பிரிவு மேல்மாடியில் இருக்கக்கூடும். படிவம் அவருக்குத் தெரியாத மொழியில் இருக்கக்கூடும். மகன் ஒருநாட் கூலியை இழந்து உடன்வந்தாலன்றி அவர் வீட்டை விட்டுப் புறப்பட இயலாது. ஆக, படியின் விலையை ஒரு தொழிலாளியின் நாட்கூலியே செலுத்துகின்றது.

இப்பெண் எமது கற்பனை. அவரது நிலை கற்பனையன்று. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி ஐந்து வயதுக்கு மேற்பட்டோருள் 16 இலட்சத்துக்கும் அதிகமானோர், அதாவது 8.7 சதவீதத்தினர், பார்த்தல், கேட்டல், நடத்தல் முதலான செயல்களுள் ஒன்றிலேனும் இடர்ப்பாடுடையவராக இருந்தனர். இத்தொகையினரைப் புறநடை என்று கருதுதல் எவ்வகையிலும் பொருந்தாது.

3. குறைபாடும் வலுவிழப்பும்

முடவர், குருடர் என்னும் பழைய சொற்கள் ஆளையே குறையாக்கின. வலது குறைந்தோர், வலுவிழந்தோர், விசேட தேவையுடையோர் எனும் வழக்குகள் பின்னர் இலங்கையிலே தோன்றின. தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் என்ற சொல் அரசாணை வழக்காகி இங்கும் பரவியுள்ளது. இச்சொற்கள் மரியாதையைக் கூட்டின என்பதில் ஐயமில்லை. ஆயின், குறை எங்கே உள்ளது என்ற வினாவுக்கு அவை யாவும் ஒரே விடையையே தருகின்றன: குறை, அன்றேல் மாற்றம், அன்றேல் விசேட தேவை, அந்த ஆளிடத்தே உள்ளது.

இவ்விடையை மறுத்தோர் பிரித்தானியாவின் வலுவிழந்தோரே. 1970 களின் முற்பகுதியில் அமைந்த 'பிரித்தொதுக்கலுக்கு எதிரான உடற்குறையுடையோர் சங்கம்' 1976 இல் வெளியிட்ட கோட்பாட்டு அறிக்கை உறுப்புக்குறையையும் வலுவிழப்பையும் வேறு பிரித்தது. கால் இல்லாமை உறுப்புக்குறை. கால் இல்லாதவர் வங்கிக்குட் செல்ல இயலாதிருத்தல் வலுவிழப்பு. முன்னையது உடலைச் சார்ந்தது; பின்னையது சமுதாயம் அவ்வுடலின்மீது சுமத்துவது. இதனை வகுத்தோருள் ஒருவரான விக் ஃபின்கெல்ஸ்டைன் சக்கர நாற்காலியைப் பயன்படுத்தியவர்; தென்னாபிரிக்காவிலே நிறவெறிக்கு எதிராகச் செயற்பட்டமைக்காகச் சிறை சென்று பின் பிரித்தானியாவை அடைந்தவர். தோலின் நிறம் காரணமாக மூடப்பட்ட கதவுகளைக் கண்டவருக்கு, படிகளால் மூடப்பட்ட கதவுகளின் தன்மை விளங்கியதில் வியப்பில்லை. 1990 இல் மைக்கேல் ஒலிவர் இந்நோக்கை மார்க்சிய அடிப்படையில் விரித்து, தொழிற்சாலை உற்பத்தி முறையே குறையுடைய உடல்களை உற்பத்தியிலிருந்து வெளியேற்றி அவர்களைத் தனியொரு வகையினராக ஆக்கிற்று என வாதித்தார்.

இந்நோக்கிற்கு ஓர் எல்லையுண்டு. வலியும் நோயும் சமுதாயம் மாறினாலும் முற்றாக மறைவன அல்ல. ஆயினும் சட்டத்தை விளங்கிக்கொள்வதற்கு இப்பகுப்பு இன்றியமையாதது. சட்டம் கால்களைத் தர இயலாது, படிகளை மாற்றுவிக்க இயலும். இக்கட்டுரையில் வலுவிழந்தோர் என்று நாம் எழுதுமிடமெல்லாம் வலுவிழக்கச் செய்யப்பட்டோர் என்பதே கருத்தாகும்.

4. சட்டம் கூறுவது

இலங்கையின் 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை சமத்துவத்தைப் பற்றியது. அதன் முதலாம் பந்தி சட்டத்தின் முன் யாவரும் சமம் என்கிறது. மூன்றாம் பந்தி அன்றாட வாழ்வுக்கு வருகின்றது: கடைகள், பொது உணவகங்கள், தங்குவிடுதிகள், பொதுக் களியாட்ட இடங்கள், தத்தம் மதத்தின் பொது வழிபாட்டிடங்கள் ஆகியவற்றை அணுகுவதில் இனம், மதம், மொழி, சாதி, பால் என்பவை காரணமாக எவர்மீதும் தடையோ நிபந்தனையோ சுமத்தலாகாது. இப்பட்டியலிலே வலுவிழப்பு இல்லை. நான்காம் பந்தியிலேயே வலுவிழந்தோர் இடம்பெறுகின்றனர். பெண்கள், சிறுவர் ஆகியோருடன் சேர்த்து அவர்களது மேம்பாட்டுக்காக விசேட ஏற்பாடுகள் செய்யப்படுவதை இவ்வுறுப்புரை தடுக்காது என்பதே அங்குக் கூறப்படுவது. விசேட ஏற்பாடு செய்ய அரசுக்கு அனுமதி உண்டு. செய்யவேண்டும் என்ற கட்டளை இல்லை. அனுமதிக்கும் கட்டளைக்கும் இடையேயுள்ள தூரமே இத்துறையின் வரலாறு எனலாம்.

அத்தூரத்தை ஓரளவு குறைத்தது, 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்க வலுவிழந்தோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம். அதன் 23 ஆம் பிரிவு இரு பகுதிகளையுடையது. தொழிலுக்கு ஆட்சேர்ப்பதிலும் கல்வி நிலையங்களிற் சேர்ப்பதிலும் வலுவிழப்பைக் காரணங்காட்டிப் பாகுபாடு செய்தல் ஆகாது என்பது முதற்பகுதி. பொதுமக்களுள் வேறெவரும் செல்லவோ பயன்படுத்தவோ உரித்துடைய எந்தக் கட்டடத்தையும் இடத்தையும் அணுகுவதிலும் பயன்படுத்துவதிலும், கட்டணம் செலுத்தப்படினும் படாவிடினும், வலுவிழந்தவர்மீது எவ்விதத் தடையும் நிபந்தனையும் சுமத்தலாகாது என்பது இரண்டாம் பகுதி. இங்கு அரசு நிறுவனம், தனியார் நிறுவனம் என்ற வேறுபாடு இல்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. அரசியலமைப்பின் பட்டியலில் விடுபட்டவர் இப்பிரிவிலே சேர்க்கப்பட்டனர்.

2006 இல் இச்சட்டத்தின்கீழ் அணுகுவசதி ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வெளியாயின. பொதுக் கட்டடங்கள், பொது இடங்கள், பொதுச் சேவைகள் கிடைக்கும் இடங்கள் ஆகியவை வலுவிழந்தோர் அணுகக்கூடியனவாக இருத்தல் வேண்டும். ஏற்கெனவே உள்ள கட்டடங்களும் மூன்றாண்டுக்குள் அதற்கேற்ப மாற்றப்படவேண்டும் என அவை விதித்தன. அம்மூன்றாண்டு முடிந்து இன்று நெடுங்காலமாயிற்று. 2011 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கத் தேர்தல் விசேட ஏற்பாடுகள் சட்டம், வலுவிழந்த வாக்காளர் துணையாள் ஒருவருடன் சென்று வாக்களிக்க வழிசெய்தது. 2006 டிசெம்பரில் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட வலுவிழந்தோர் உரிமைகள் சமவாயத்தில் இலங்கை 2007 இற் கையொப்பமிட்டு 2016 இல் ஏற்புறுதி செய்தது. அதன் 9 ஆம் உறுப்புரை கட்டடங்களோடு வீதி, போக்குவரத்து, தகவல், தொடர்பாடல் யாவற்றையும் அணுகுவசதிக்குள் அடக்குகின்றது. 1996 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23 ஆம் பிரிவோ கட்டடம், இடம் என்றே பேசுகின்றது. ஓடும் பேருந்தும், வேற்று மொழிப் படிவமும் அச்சொற்களுள் எவ்வளவு அடங்கும் என்பது வாதத்துக்குரியதாகவே உள்ளது.

5. தேநீர்க்கடைக் கதவின் வரலாறு

கடைகளையும் உணவகங்களையும் வழிபாட்டிடங்களையும் அரசியலமைப்பு ஒரே மூச்சிற் கூறுவானேன்? இதற்கு விடை வடபுலத்துத் தேநீர்க்கடைகளிலும் கோயில் வாயில்களிலும் உள்ளது.

1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம், சாதி காரணமாக ஒருவரைக் கடை, உணவகம், கோயில் முதலான இடங்களுக்குட் செல்லவிடாது தடுத்தலைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. தமிழிலே சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் என வழங்கும் அதன் ஆங்கிலப் பெயரில் உள்ள சொல் 'டிசெபிலிற்றி' என்பதாகும். வலுவிழப்பைக் குறிக்க இன்று ஆங்கிலம் ஆளும் சொல்லும் அதுவே. 1957 இல் அச்சொல் உடலைக் குறிக்கவில்லை. ஒருவர்மீது மற்றையோர் சுமத்தும் தடையையே குறித்தது. தாழ்த்தப்பட்டவரிடம் எக்குறையும் இல்லை, குறை அவர்மீது சுமத்தப்படுகின்றது, சுமத்துவோரே தண்டனைக்குரியர் என்று அச்சட்டத்தின் மொழி ஐயத்துக்கிடமின்றிக் கூறியது. பிரித்தானிய வலுவிழந்தோர் 1976 இற் கோட்பாடாக வகுத்ததனைச் சாதி பற்றிய இலங்கைச் சட்டம் இரு பதிற்றாண்டுகளுக்கு முன்னரே ஒரு சொல்லில் அடக்கியிருந்தது. அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரையிலோ அச்சொல் இரு பொருளில் வருகின்றது: மூன்றாம் பந்தியிலே சுமத்தப்படும் தடையாகவும், நான்காம் பந்தியிலே ஆளின் பண்பாகவும். இரு பொருளும் அடுத்தடுத்து இருந்தும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை.

1957 ஆம் ஆண்டுச் சட்டம் கதவுகளைத் தானே திறக்கவில்லை என்பதும் நினைவிற் கொள்ளவேண்டியதாகும். ஒன்பதாண்டுகளின் பின்னர், 1966 ஒக்டோபர் 21 இல், சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலமாகச் சென்றோர் காவற்றுறையின் தடியடியை ஏற்கவேண்டியிருந்தது. அதனையடுத்துத் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் தோன்றியது. சங்கானை முதலிய இடங்களிலே தேநீர்க்கடைப் பிரவேசமும் மாவிட்டபுரத்திலே ஆலயப் பிரவேசப் போராட்டமும் நடைபெற்றன. உயிர்களும் பலியாயின. கே. டானியலின் 'பஞ்சமர்' இப்போராட்ட அனுபவத்திலிருந்து 1972 இற் பிறந்த நாவல். அமைப்பாகத் திரண்ட மக்களே எழுத்திலிருந்த சட்டத்தைத் தெருவிலே நடைமுறையாக்கினர்.

இவ்விரு ஒடுக்குமுறைகளையும் ஒன்றென்று கூறுதல் எமது கருத்தன்று. தீண்டாமை ஒருவரை இழிவுபடுத்தும் நோக்குடன் வேண்டுமென்றே செய்யப்படுவது; கடைப்படியைக் கட்டியவர் எவரையும் இழிவுபடுத்த எண்ணியிரார். தீண்டாமையைக் கைவிடக் கடைக்காரருக்கு ஒரு சதமும் செலவில்லை. படியை மாற்றச் செலவுண்டு. ஆயின், உள்ளே வர இயலாது தெருவில் நிற்பவருக்கு இவ்வேறுபாடு எத்துணை ஆறுதல் தரும்? வாயிலிலே நின்று மறுப்பவர் ஒருவரும் இல்லாமையால் அங்கு மறுப்பே நிகழவில்லை என்று மற்றையோர் எண்ணிக்கொள்கின்றனர். யாருடனும் வாதிட இயலாத மறுப்பு இது. அதனாலேயே இங்குச் சட்டம் கூடுதலாகத் தேவைப்படுகின்றது.

6. நீதிமன்றத்துக்கான வழி

உரிமை மீறப்பட்டவர் செல்லத்தக்க வழிகள் மூன்று எனச் சுருக்கிக் கூறலாம்.

முதலாவது, அடிப்படை உரிமை மனு. அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரையின்கீழ் இது உயர் நீதிமன்றத்திலே தாக்கல் செய்யப்படுவது. அரசின் நிறைவேற்று, நிருவாகச் செயலால் ஏற்பட்ட மீறலுக்கே இவ்வழி உரியது. பிரதேச செயலகம் இதனுள் அடங்கும், தனியார் கடை அடங்காது. மீறல் நிகழ்ந்து ஒரு மாதத்துக்குள் மனு கொடுக்கப்படவேண்டும். இரண்டாவது, மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு செய்தல். இதற்குச் சட்டத்தரணியோ கட்டணமோ தேவையில்லை. மாத்தளையார்க்கு அண்மையிலே, கண்டியில், பிராந்திய அலுவலகம் உண்டு. மேற்கூறிய ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அதன் விசாரணைக் காலம் உயர் நீதிமன்றத்துக்கான ஒரு மாதக் கெடுவில் எண்ணப்படாது என்பது பலரும் அறியாத பயனுள்ள விதி. மூன்றாவது, 1996 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24 ஆம் பிரிவின்கீழ் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு மனுச் செய்தல். தனியார் வங்கியும் மருந்தகமும் கடையும் மறுக்கும் உரிமைக்கு இதுவே நேர்வழி.

நீதிமன்றம் உறுதியாகப் பேசிய சந்தர்ப்பங்கள் இல்லாமலில்லை. கலாநிதி அஜித் பெரேரா வேதியியலாளர், கிரிக்கெட் நடுவர். 1992 இல் வீதியோர மரமொன்று அவரது காரின்மீது வீழ்ந்தமையால் நடக்கும் ஆற்றலை இழந்தார். அவர் தாக்கல் செய்த மனுவில், புதிய பொதுக் கட்டடங்கள் அணுகுவசதி ஒழுங்குவிதிகளுக்கு அமையவே எழுப்பப்படவேண்டும் என 2011 ஏப்ரிலில் உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. கட்டளை உரியவாறு பின்பற்றப்படாமையால் 2018 இல் மீண்டும் அதே நீதிமன்றத்தை அவர் நாடவேண்டியதாயிற்று. அதன் தீர்ப்பு 2019 இல் வெளியானது. அடுத்த ஆண்டு அவர் மறைந்தார்.

தனியொருவரின் இவ்வுறுதி போற்றுதற்குரியது. ஆயின் இவ்வரலாறு நமக்கு வேறொன்றையும் கற்பிக்கின்றது. உயர் கல்வியும் ஆங்கிலப் புலமையும் கொழும்பு வாழ்வும் வாய்த்த ஒருவருக்கே ஒரே உரிமைக்காக இருமுறை உச்ச மன்றத்தின் படியேற வேண்டியிருந்தது. பலாபத்வலையில் நாம் கற்பனை செய்த பெண்ணோ வங்கிப் படியை ஏற இயலாமையை முறையிட நீதிமன்றப் படியை ஏறவேண்டும். அதற்கு முன் பேருந்துப் படியை ஏறவேண்டும். 1957 ஆம் ஆண்டுச் சட்டம் மீறலைக் குற்றமாக்கி வழக்குத் தொடரும் பொறுப்பை அரசுக்கு அளித்தது. 1996 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23, 24 ஆம் பிரிவுகளோ மீறப்பட்டவரையே மனுதாரராக்கின. உரிமையை வழங்கி, அதனை ஈட்டும் செலவை உரிமையாளர்மீதே சுமத்துதல் முதலாளித்துவச் சட்டமுறையின் பொதுப் பண்பாகும்.

7. படியின் பொருளாதாரம்

சாய்தளம் அமைத்தல் எளிது என்று நகரத்து நல்லெண்ணத்தார் கூறுவதுண்டு. கணக்கிட்டுப் பார்ப்போம். பல நாடுகளிற் கையாளப்படும் சாய்வளவு ஒன்றுக்குப் பன்னிரண்டு. ஓர் அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம் வேண்டும். ஆறு அங்குலப் படி ஒன்றாயின் ஆறடிச் சாய்தளம் போதும். தரை பதினெட்டு அங்குலம் உயர்ந்திருப்பின் பதினெட்டு அடி தேவை. பெருந்தெருவோரக் கடையொன்றின் முன்னே பதினெட்டு அடி ஏது? வடிகானும் நடைபாதையும் தெருவும் கடைக்காரருக்கு உரியன அல்ல. ஆக, ஒரு கடையின் சாய்தளம் என்பது கடைக்காரர், பிரதேச சபை, வீதிக்குப் பொறுப்பான அதிகாரம் ஆகிய மூவரும் சேர்ந்து தீர்க்கவேண்டிய நிலப் பிரச்சினையாகி விடுகின்றது. கடைகள் தனித்தனியே சாய்தளம் அமைப்பதற்குப் பதிலாக, வடிகான் மூடப்பட்டு நடைபாதை கடைத்தரைக்கு ஒப்ப உயர்த்தப்படின் தெரு முழுவதும் ஒரே முறையில் அணுகத்தக்கதாகும். தனிச்சொத்தின் எல்லைக்குள் நின்று தீர்க்கவியலாத ஒன்று பொதுத் திட்டத்தால் எளிதிற் தீர்கின்றமைக்கு இதைவிட எளிய சான்று வேண்டுவதில்லை.

கடன்பட்டுக் கடை நடத்தும் சிறு வணிகரை எதிரியாகக் காட்டுதல் தவறான அரசியலாகும். கடமையின் வரிசை வேறு. முதலிலே அரச அலுவலகம், வைத்தியசாலை, தபாலகம், வாக்குச்சாவடி. அடுத்து வங்கிகள், பெருங் கடைத்தொகுதிகள், தொலைபேசி நிறுவனங்கள் முதலிய பெருமூலதன நிலையங்கள். இறுதியிலேயே சிறு கடைகள், அவையும் பொது நிதியின் உதவியோடு. வசதி செய்யும்வரை சிறு கடைக்காரர் வாயிலுக்கு வந்து பொருள் வழங்குதல் இடைக்கால ஒழுங்காகலாம். ஆனால் அதுவே முடிந்த முடிபாகிவிடுதல் கூடாது. வாயிலில் நிறுத்திப் பொருள் கொடுத்த பழைய வழக்கமொன்றை நம் சமுதாயம் நன்கறியும்.

விதி கட்டாயமானதாக இருத்தல் வேண்டும் என்பதற்கு இந்திய அனுபவம் சான்று. அங்கு 1995 இலும் 2016 இலும் வலுவிழந்தோர் பற்றிய சட்டங்கள் இயற்றப்பட்டன. 2016 ஆம் ஆண்டுச் சட்டம் கடமையைக் கட்டாயமாக்கிற்று. அதன்கீழ் ஆக்கப்பட்ட விதியோ வெறும் பரிந்துரைகளாகிய வழிகாட்டல்களையே சுட்டியது. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவெம்பர் 8 இல் இந்திய உச்ச நீதிமன்றம், அவ்விதி மூலச் சட்டத்துக்கு முரணானது எனக் கூறி, கட்டாயமான விதிகளை மூன்று மாதத்துள் வகுக்குமாறு அரசைப் பணித்தது. கடமையைப் பரிந்துரையாக மெலிவித்தல் அதிகாரவர்க்கத்துக்கு எங்கும் கைவந்த கலை. இலங்கையின் 2006 ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளும் அவ்வாறு மெலியாதிருக்க, கட்டட அனுமதி வழங்கும் உள்ளூராட்சி மன்றத்தின் மேசையிலேயே அவை செயற்படவேண்டும். வரைபடத்திற் சாய்தளம் இல்லையெனில் அனுமதி இல்லை என்ற நிலை வருமாயின், புதிய கட்டடங்களைப் பொறுத்தவரை எவரும் நீதிமன்றம் செல்லவேண்டிய தேவையே எழாது.

8. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகள் பெறப்படுகின்றன. வலுவிழந்தோர் கடைக்கும் வங்கிக்கும் வைத்தியசாலைக்கும் செல்லுதல் பிறரது இரக்கத்தைச் சார்ந்ததன்று. அது 1996 ஆம் ஆண்டிலிருந்து சட்டத்தால் ஏற்கப்பட்ட உரிமை. அவ்வுரிமையின் சொல்லும் வடிவமும் சாதியொழிப்புப் போராட்டம் ஈட்டிய சட்டமரபோடு உறவுடையன. ஆனால் அப்போராட்டத்துக்கு இருந்த அமைப்புப் பலம் இதற்கு இல்லை. தனி மனுதாரர்களின் உறுதியிலேயே இது இன்றளவும் தங்கியுள்ளது.

இங்கே தொழிற்சங்கங்களுக்கு ஒரு பணியுண்டு. உழைத்து உடல் தேய்ந்தவரின் உரிமையை அவை தமது கோரிக்கைப் பட்டியலில் இன்னும் உரிய இடத்தில் வைக்கவில்லை. உள்ளூராட்சி உறுப்பினர்க்கும் பணியுண்டு. ஒரு கடைத்தெருவின் வடிகானை மூடும் தீர்மானம் கொழும்பின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதன்று. பல்கலைக்கழக மாணவர்க்கும் பணியுண்டு. விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர் தத்தம் ஊரின் பொது நிலையங்களைச் சென்று பார்த்து, படிகளை எண்ணி, வாயிலின் அகலத்தை அளந்து, படிவங்களின் மொழியைக் குறித்துப் பட்டியலொன்று தயாரிப்பாராயின், பிரதேச சபைக்கோ மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கோ அனுப்பத்தக்க ஆவணம் ஒன்று கையில் இருக்கும். அப்பட்டியலைத் தயாரிக்கும்போது வலுவிழந்தோரே முன்னின்று வழிகாட்ட வேண்டும். அவர்களுக்காக மற்றையோர் பேசுதல் பழைய இரக்கத்தின் புதிய வடிவமாகி விடலாகாது.

இலக்கியத்துக்கும் இவ்விடயத்திற் கணக்குத் தீர்க்கவேண்டிய கடன் ஒன்றுள்ளது. நம் நாவல்களிலும் சிறுகதைகளிலும் ஊனமுற்றவர் பெரும்பாலும் இரக்கத்துக்கோ விதியின் கொடுமைக்கோ ஒரு குறியீடாகவே வந்துபோகின்றனர். சேமலாப நிதியைப் பெற வங்கி வாயிலிற் காத்திருக்கும் பெண்ணாக, வாக்களிக்கச் செல்லும் குடிமகளாக, படியின் உயரத்தைப் பற்றி முகாமையாளருடன் வாதிடுபவராக அவர் எழுதப்படுதல் அரிது. தேநீர்க்கடையின் வாயிலில் நின்றவனைக் குறியீடாக அன்றி உரிமை கோருபவனாக எழுதத் தொடங்கியபோதே ஈழத்து முற்போக்கு இலக்கியம் புதுநெறி கண்டது. அந்நெறி வங்கியின் வாயில்வரை நீளவேண்டும்.

பலாபத்வலைக் கடைத்தெருவிலே அப்பெண் கேட்பது கொம்புத்தேன் அன்று. தமது பணத்தைத் தாமே எடுக்கவும், தமக்கு வேண்டிய அரிசியைத் தாமே பார்த்து வாங்கவுமே அவர் கேட்கிறார். அதைத் தடுத்து நிற்பது பதினெட்டு அங்குலச் சீமெந்து. அதனை அகற்றும் கடமை யாருடையது என்பதைச் சட்டம் கூறிவிட்டது. அக்கடமையைச் செய்விக்கும் பொறுப்பு நம் எல்லாரையும் சார்ந்தது.